பிரியும் உயிரணுவில் மின்விசைக்கு என்ன வேலை?

குளுவாங் வட்டாரத்துப் பாமோல் தோட்டத்தில் 1977-இல் நடப்பட்ட சில செம்பனைக் கன்றுகள் விதையிலிருந்து வந்தவை அல்ல. இங்கிலாந்தில் யூனிலீவர் நிறுவனத்தின் கோல்வொர்த் ஆய்வுக்கூடத்தில், செம்பனைத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து உண்டாக்கியவை. மலேசிய மண்ணில் நடப்பட்ட முதல் திசு வளர்ப்புச் செம்பனைகள் அவைதாம். தேர்ந்தெடுத்த மரத்தின் உயிரணுக்கள் குடுவைக்குள் மறுபடி மறுபடி பிரிந்து, அந்த மரத்தின் நகல்களாகவே நிமிர்ந்தன. பின்னர் சில நகல் மரங்களில் பூ திரியத் தொடங்கியது. ஆண் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் சூலகங்கள் முளைத்தன. காய் போர்வை போர்த்திக்கொண்டது போல் உருமாறியது. எண்ணெய் குறைந்தது, மோசமான மரங்களில் காய் முற்றாமலே வீணானது. கோர்லியும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் இதைப் பதிவு செய்தார்கள். காரணம் தெரிய 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'கர்மா' என்று பெயரிடப்பட்ட, இடம் தாவும் மரபுத் துண்டு ஒன்றில் மெத்தில் குறிகள் அழிந்துபோனதே வினை என்று, மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லாவும் குழுவினரும் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள்.

ஆகவே, உயிரணு எப்படிப் பிரிகிறது, எது சொல்லிப் பிரிகிறது என்ற கேள்வி எங்கள் ஊருக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தோட்டத்து மக்களின் பிழைப்பே அதில் அடங்கியிருந்தது. இப்போது அதே கேள்வி வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது: உயிரணுப் பிரிவை மின்காந்தம் ஆள்கிறதா? கெம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரட்டைத் தண்டவாளம் போட்டு, 25,000 வோல்ட் கம்பி குளுவாங் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. 2025-இல் மின்ரயில் சேவையும் இங்கே வந்துவிட்டது. தொலைத்தொடர்புக் கோபுரம் இல்லாத குடியிருப்பு இல்லை. காந்தப் படுக்கையும் காந்தக் காப்பும் விற்பவர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மூளைப் புற்றுநோய்க்கு மின்புலம் பாய்ச்சும் கருவி ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தியும் கைத்தொலைபேசியில் சுற்றுகிறது. இவை நான்கையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் பயமும் தவறான நம்பிக்கையும் சேர்ந்தே வளர்கின்றன. மின்விசை இல்லாமல் ஓர் உயிரணுகூடப் பிரியாது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எந்தத் தூரத்தில், எவ்வளவு வலுவில் என்பதைக் கேட்காமல் அடுத்த வார்த்தை பேசக் கூடாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே போகும்.

கேள்வி பழையது. வால்தர் பிளெம்மிங் 1882-இல் உயிரணுப் பிரிவைப் படம் படமாக வரைந்து நூலாக வெளியிடுவதற்கு முன்பே, 1870-களில் ஹெர்மன் ஃபோல் என்ற சுவிட்சர்லாந்து விலங்கியலாளர், பிரியும் முட்டையில் தெரிந்த கதிர் இழைகளைக் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அணிவகுப்பதோடு ஒப்பிட்டார். அந்த ஒற்றுமை கண்ணைக் கட்டிப்போடுவது. இரண்டு முனைகள், நடுவில் வளைந்து செல்லும் கோடுகள், குறுக்கே குரோமோசோம்கள். 1905-இல் அயர்லாந்தின் மார்கஸ் ஹார்டோக், பிரியும் உயிரணுவுக்கென்றே தனி இருமுனை விசை ஒன்று உண்டு என்று எழுதும் அளவுக்குப் போனார். இடித்த இடம் இதுதான்: அப்படிப்பட்ட கோடுகள் விழ வேண்டுமானால் முனைகள் வடக்கும் தெற்கும் போல எதிரெதிராக இருக்க வேண்டும். உயிரணுவின் இரண்டு முனைகளோ ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. சில உயிரணுக்களில் மூன்று முனைகள் தோன்றி, மூன்றுக்கும் இடையில் இழைகள் ஓடுவதும் உண்டு. மூன்று முனைகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க முடியாது. உருவ ஒற்றுமையை வைத்துக் காரணம் சொல்லக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. அந்த இழைகள் விசைக்கோடுகள் அல்ல, டியூபுலின் புரதத்தால் கட்டப்பட்ட, 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் என்பது பின்னால்தான் தெரிய வந்தது.

அடுத்து வந்தவர் ரஷ்யாவின் அலெக்சாந்தர் குர்விச். இவர் எடுத்துக்கொண்ட பொருள் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான்: வெங்காய வேர். இடைநிலைப் பள்ளி உயிரியல் கூடத்தில் வெங்காயத்தைத் தண்ணீர்க் குவளையின் வாயில் உட்கார வைத்து, வேர் விட்டதும் நுனியைச் சில மில்லிமீட்டர் நறுக்கி, அமிலத்தில் ஊறவைத்து, காடி வாடை அடிக்கும் சாயத்தில் தோய்த்து, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். சாயம் ஏறிய குரோமோசோம்கள் சில உயிரணுக்களில் நடுக்கோட்டில் வரிசை கட்டியிருக்கும், சிலவற்றில் இரு பக்கமும் விலகிக்கொண்டிருக்கும். 1923-இல் குர்விச் ஒரு வெங்காய வேரின் நுனியை இன்னொரு வேரின் பக்கவாட்டை நோக்கித் திருப்பி வைத்தார். நுனி பார்த்த பக்கத்தில் பிரியும் உயிரணுக்கள் கூடியிருந்தன என்றார். இடையே குவார்ட்ஸ் தகடு வைத்தால் விளைவு நீடித்தது, சாதாரணக் கண்ணாடி வைத்தால் நின்றது. ஆகவே உயிரணுக்கள் புற ஊதாக் கதிர் வீசி ஒன்றையொன்று பிரியத் தூண்டுகின்றன என்று முடிவு கட்டினார். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 1941-இல் அவருக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது.

ஆனால் 1937-இலேயே அமெரிக்காவில் ஹொலாந்தரும் கிளாஸும் கவனமாகச் செய்த சோதனையில் அந்தக் கதிர் அகப்படவில்லை. இர்விங் லாங்மூர் 1953-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், ஆய்வாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்ளும் அறிவியலுக்கு எடுத்துக்காட்டாக இதையும் சேர்த்தார். எண்ணுபவரின் எதிர்பார்ப்பு எண்ணிக்கைக்குள் புகுந்துவிட்டது என்பதே அவர் சொன்னதன் சாரம். இதில் ஒரு பாதி உண்மை உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உயிருள்ள திசுக்கள் மிக மிக மங்கலான ஒளியை வெளியிடுவதை இன்றைய கருவிகள் அளந்து காட்டுகின்றன. ஆக்சிஜன் சார்ந்த வேதிவினைகளின் கசிவு அது. அந்த ஒளி பக்கத்து உயிரணுவுக்குப் பிரியச் சொல்லிக் கட்டளை இடுகிறது என்பதற்குத்தான் நம்பத் தகுந்த சான்று இல்லை. 'உயிரொளி' என்று பெயர் சூட்டி விற்கப்படும் சிகிச்சைகள் எல்லாம் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கின்றன.

கதிரை விட்டுவிட்டு மின்னேற்றத்துக்கு வந்தால் கதையே மாறுகிறது. நம் உயிரணு ஒன்றுக்குள் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. இழை இருக்கிறது. அதன் ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு எதிர்மின்னேற்றம் வீதம், ஏறத்தாழ 640 கோடி இணைகளுக்கு 1,280 கோடி எதிர்மின்னேற்றங்கள். ஒன்றையொன்று தள்ளும் இத்தனையையும் மைக்ரோமீட்டர் அளவுள்ள குரோமோசோமாகச் சுருட்டுவது எப்படி? லைசினும் ஆர்ஜினினும் நிறைந்த, நேர்மின்னேற்றமுள்ள ஹிஸ்டோன் புரதங்கள் ஒரு பகுதியைச் சமன் செய்கின்றன. மீதியில் அயனிகளுக்குப் பங்கு உண்டு. ஜப்பானில் கசுஹிரோ மயேஷிமாவின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரிவு நேரத்தில் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யோடு ஒட்டியிருந்த மெக்னீசியம் அயனிகள் விடுபட்டு, குரோமோசோம் இறுகத் துணை செய்கின்றன. இறுகிய குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. கே.ஐ.-67 என்ற நீண்ட புரதம் அவற்றின் மேல் தூரிகை மயிராக நின்று, தன் பருமனாலும் மின்னேற்றத்தாலும் அவற்றை விலக்கி வைக்கிறது. வியன்னாவின் கெர்லிக் ஆய்வுக்குழு 2016-இல் காட்டியது இது. நோய்க்கூற்று அறிக்கையில் புற்றுக்கட்டியின் வேகத்தைச் சொல்ல மருத்துவர்கள் எழுதும் கே.ஐ.-67 விழுக்காடும் இதே புரதத்தைத்தான் குறிக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகத் தெளிவாகப் படுவது, குரோமோசோமும் நுண்குழலும் கைகோர்க்கும் இடம். குரோமோசோமின் இடுப்பில் கைனட்டோகோர் என்ற புரதத் தொகுதி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து என்.டி.சி.-80 என்ற கரங்கள் நீளுகின்றன. அவற்றின் நுனி நேர்மின்னேற்றம் உடையது. நுண்குழலின் மேற்பரப்பில் டியூபுலினின் வால்கள் எதிர்மின்னேற்றத்தோடு சிலிர்த்து நிற்கின்றன. இரண்டும் பற்றிக்கொள்வதில் இந்த மின்கவர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் வெளியான அமைப்பு ஆய்வுகள் அதை உறுதி செய்தன. பிடி எப்போதும் சரியாக விழுவதில்லை. இரட்டைக் குரோமோசோமின் இரு பாதிகளும் ஒரே முனையிலிருந்து வந்த இழைகளைப் பிடித்துக்கொண்டால், ஒரு மகள் உயிரணுவுக்கு ஒன்று கூடும், மற்றதற்கு ஒன்று குறையும். அப்போது இருபுறமும் இழுபடும் இறுக்கம் இருக்காது. இறுக்கம் இல்லாத கரத்தின் மேல் 'அரோரா பி' என்ற நொதி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் எதிர்மின்னேற்றம் உடையது. அது ஏற ஏறக் கரத்தின் நேர்மின்னேற்றம் குறைந்து, பிடி நழுவி, புதிய முயற்சி தொடங்குகிறது. இரு முனைகளிலிருந்தும் சரியாக இழுபட்டால் கரம் அந்த நொதிக்கு எட்டாத தூரம் விலகி, பிடி நிலைக்கிறது. தவறைத் திருத்துவதே மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைத்துத்தான். உயிரணுப் பிரிவில் மின்விசைக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இந்த வேலை நடக்கும் தூரத்தைக் கவனிக்க வேண்டும். உயிரணுவின் உள்ளே உப்புநீர். எந்த மின்னேற்றத்தைச் சுற்றியும் எதிர் அயனிகள் மொய்த்து அதை மூடிவிடுகின்றன. ஒரு நானோமீட்டர் தாண்டுவதற்குள் விசையின் பெரும்பகுதி அடங்கிப்போகும். கதிர் இழைகளின் அமைப்போ 10 மைக்ரோமீட்டர் நீளம், அதாவது பத்தாயிரம் மடங்கு. குரோமோசோம் முனை நோக்கி நகர்வதையே நேரடி மின்கவர்ச்சியால் விளக்க அமெரிக்காவின் ஜான் காக்லியார்டி 2000-களில் முயன்றார். நுண்குழல்கள் மின்னேற்றத்தைப் பக்கத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பதால் இது முடியும் என்பது அவர் வாதம். சிந்திக்கத் தக்கது, ஆனால் டைனீன், கைனசின் போன்ற இயக்கப் புரதங்களும் நுண்குழல் நீண்டு குறைவதும் சேர்ந்து அந்த நகர்வை விளக்கிவிடுவதால், பெரும்பாலான உயிரியலாளர்கள் அவர் பக்கம் சாயவில்லை. நானும் சாயவில்லை.

சவ்வுக்கு வருவோம். நரம்பு உயிரணுவின் சவ்வில் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கிறது. சிறிய எண்தான், ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவே என்பதால், அதன் குறுக்கே மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கும் மேற்பட்ட புலம் நிற்கிறது. முதிர்ந்து, பிரிவதை நிறுத்திவிட்ட நரம்பு, தசை உயிரணுக்களில் இந்த வேறுபாடு அதிகம். வேகமாகப் பிரியும் உயிரணுக்களிலும் பல புற்று உயிரணுக்களிலும் குறைவு. நாசாவின் லாங்லி மையத்தில் இருந்த கிளாரன்ஸ் கோன் 1971-இல், சவ்வு மின்னழுத்தமே பிரிவுக்கான கதவு என்று ஒரு கோட்பாடு எழுதினார். 1999-இல் ஜெர்மனியில் பார்டோ குழுவினர், ஒரு குறிப்பிட்ட பொட்டாசியம் வாயில் மிகுந்தால் உயிரணு புற்றுத்தன்மை அடைவதைக் காட்டினார்கள். ஆக, சவ்வின் மின்னழுத்தம் பிரிவுக்கு இசைவு தரும் குறிகளில் ஒன்று. அது மட்டுமே கதவு என்ற கோனின் கூற்று அப்படியே நிலைக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் மின்புலம் பிரிவின் திசையை மாற்றுமா என்றால், மாற்றும். அதை உடலே செய்கிறது. தன் விரலை வெட்டிக்கொண்டு காயத்திலிருந்து ஓடும் மின்னோட்டத்தை எமில் து புவா ரேமோன் அளந்தது 1843-இல். 1999-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மின் ஜாவோ, மெக்கேக் குழுவினர் கருவிழி உயிரணுக்களில் மில்லிமீட்டருக்கு 150 மில்லிவோல்ட் புலத்தைச் செலுத்தியபோது, அவை புலத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டுப் பிரிந்தன. காயத்தின் ஓரத்தில் இயல்பாக உண்டாகும் புலமும் ஏறத்தாழ இந்த அளவுதான். 2002-இல் எலியின் கருவிழிக் காயத்திலும் அதே குழு இதைக் கண்டது.

செம்பனைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 1985-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வந்தது. கீர்த்தி ரத்தோரும் ஆண்ட்ரூ கோல்ட்ஸ்வொர்தியும், குடுவையில் வளர்ந்த புகையிலைத் திசுக்கட்டிக்கும் அதன் ஊட்டக் கூழுக்கும் இடையே 1 முதல் 2 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினார்கள். வளர்ச்சி 70 விழுக்காடு வரை கூடியது; மின்னோட்டத்தின் திசைதான் முடிவை நிர்ணயித்தது. தாவர ஹார்மோனான ஆக்சினின் ஓட்டத்தை மின்சாரம் நெறிப்படுத்துகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திசு வளர்ப்புக் கூடங்களில் இது அன்றாட முறையாக நிலைபெறவில்லை. இவ்வளவு எளிய சோதனையைச் செம்பனையில் பொறுமையாகச் செய்து பார்க்க மலேசியாவைவிடத் தகுந்த இடம் எது?

இனி மருத்துவம். இஸ்ரேலைச் சேர்ந்த யோராம் பல்தி, 100 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மாறுதிசை மின்புலம் பிரியும் உயிரணுக்களைக் குலைக்கிறது என்று கண்டு, 2000-இல் நோவோக்யூர் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆய்வு 2004-இல் வந்தது. செலுத்தப்படும் புலம் சென்டிமீட்டருக்கு 1 முதல் 3 வோல்ட். மூளைப் புற்றான கிளையோபிளாஸ்டோமாவுக்கு 200 கிலோஹெர்ட்ஸ். நோயாளி தலையை மழித்து, பீங்கான் வட்டுகள் பதித்த ஒட்டுப்பட்டைகளைத் தோலோடு ஒட்டி, மின்கலப் பையைச் சுமந்துகொண்டு, நாளில் 18 மணி நேரம் அதோடு இருக்க வேண்டும். 695 பேர் பங்கேற்று 2017-இல் முடிவு வெளியான சோதனையில், மருந்து மட்டும் எடுத்தவர்களின் நடுவண் வாழ்நாள் 16.0 மாதம், கருவியும் சேர்ந்தவர்களுக்கு 20.9 மாதம். ஐந்தாண்டு கடந்தவர்கள் முறையே 5 விழுக்காடு, 13 விழுக்காடு. அமெரிக்க அரசு 2011-லேயே திரும்ப வந்த கட்டிகளுக்கும், 2015-இல் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கும், 2024-இல் ஒரு வகை நுரையீரல் புற்றுக்கும் ஒப்புதல் தந்தது.

மூளைக் கட்டிக்கு ஐந்து மாதம் கூடுவது சிறிய காரியம் அல்ல. குறைகளையும் மறைக்கக் கூடாது. போலிக் கருவி பொருத்திய ஒப்பீட்டுக் குழு அந்தச் சோதனையில் இல்லை. யாருக்குக் கருவி என்பது எல்லோருக்கும் தெரியும். தோல் புண்ணாகிறது. அமெரிக்க விலை மாதம் 20,000 டாலருக்கு மேல். மின்புலம் டியூபுலினைப் பிடித்துத் திருப்புகிறது என்ற தொடக்க விளக்கமும் ஆட்டம் கண்டிருக்கிறது. அந்த அளவு புலம் தரும் முறுக்கு, வெப்ப அசைவுக்கு முன் மிகச் சிறியது என்று கணக்குகள் காட்டுகின்றன. பிரியும் உயிரணுவின் இடுங்கிய இடுப்பில் புலம் குவிவதும் சவ்வு மாற்றங்களும் காரணமாக இருக்கலாம். பலன் உண்டு, வழி இன்னும் தெளியவில்லை என்பதே இன்றைய நிலை.

மின்கம்பிக் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. 1979-இல் டென்வர் நகரில் வெர்த்தைமரும் லீப்பரும் மின்கம்பி அருகே வாழ்ந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்று கூடுதல் என்று எழுதினார்கள். 2000-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட வீடுகளில் ஆபத்து இருமடங்கு என்று வந்தது; அத்தகைய வீடுகள் மிகச் சில. இதை வைத்து 2002-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தைப் 'புற்றுண்டாக்கக் கூடும்' என்ற 2-பி பட்டியலில் சேர்த்தது. 2011-இல் ரேடியோ அலைகளும் அதில் சேர்ந்தன. இவை உயிரணுவுக்குள் புற்றுண்டாக்கும் வழி எதுவும் நிறுவப்படவில்லை. கைத்தொலைபேசி அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல், உடல்சூட்டில் மூலக்கூறுகள் ஆடும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேதிப் பிணைப்பை அறுக்க அதால் முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு 2024-இல் வெளிவந்த தொகுப்பாய்வும் கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. கோபுரத்தின் கீழ் வாழ்வதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எக்ஸ் கதிரும் காமா கதிரும் வேறு சாதி. அவையும் மின்காந்தம்தான், ஆனால் டி.என்.ஏ.வை அறுக்கும் ஆற்றல் உள்ளவை. அறுந்த இழையோடு பிரியப் போகும் உயிரணு மடிகிறது. பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களே கதிருக்கு எளிதில் வீழும் என்று பெர்கோனியேவும் திரிபோண்டோவும் 1906-இல் எழுதியது இன்றும் கதிர்சிகிச்சையின் அடித்தளம். ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குத் தரப்படும் கதிர்சிகிச்சை, நூறாண்டுக்கு மேல் சோதித்துத் தேறிய மின்காந்தம்.

காந்தப் படுக்கையும் காப்பும் இந்தப் பட்டியலில் எங்குமே வராது. அவற்றின் நிலைத்த காந்தம் புற்று உயிரணு பிரிவதைத் தடுக்கும் என்பதற்கு மனிதரிடம் சான்று இல்லை. மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், எந்த மருந்தும் கருவியும் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. மார்பிலோ கழுத்திலோ கட்டி தெரிந்தால், காந்தம் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். குளுவாங் அரசு மருத்துவமனைக்கு அந்த வாரமே போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.